கொசோங்

கிராஞ்சியில் மழை விட்ட பிறகும்
தகரக் கூரை கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கும்.
சன்னாசியின் லாரி அப்போதுதான் வரும்.
நீலத் தார்ப்பாய்க்கு அடியில்
இந்த ஊர் நேற்றுத் தண்ணீர் இழுத்துவிட்டு மறந்ததெல்லாம்
பிழிந்து, உலர்த்தி, கறுத்துப்போய்.

நாற்றமில்லை என்று அறிக்கையில் எழுதினேன்.
இருந்தது.
நமுத்த தீப்பெட்டி மாதிரி, லேசாக.

பன்னிரண்டு பாத்தி.
நாலில் வெறும் மண், நாலில் கடையில் வாங்கிய உரம்,
நாலில் இது.
எல்லாவற்றிலும் நிலவேம்பு.

ஏழாம் வாரம்
மற்றவை கணுக்காலருகே யோசித்துக்கொண்டிருக்க
இது முழங்காலைத் தொட்டுவிட்டது.
அப்படியொரு பச்சை,
கடன் வாங்கித் தைத்த கல்யாணச் சட்டை மாதிரி.
மைமூனா அளவுகோலை இரண்டு தரம் வைத்துப் பார்த்தாள்.

சன்னாசி வேலியோரம் நின்று
கோப்பி ஓ கொசோங் குடிப்பார்.
சீனி இல்லை, பால் இல்லை,
பாலிகிளினிக் விட்டுவைத்தது அவ்வளவுதான்.
"சுகர் பதினாலு மேடம். நாலு இலை குடுங்க."
"முடிவு வரல அண்ணே.
காட்மியம் பாக்கணும், ஈயம் பாக்கணும்."
"என்கிட்டேருந்து போனதுதானே,
எனக்கே குடுக்க யோசனையா?"

சிரித்துவிட்டேன்.
இரவு ஈசூனில், பதினோராம் மாடியில்,
அந்தச் சிரிப்பு வயிற்றில் கிடந்து பிசைந்தது.

அப்பா சாப்பாட்டுக்குப் பின் விழுங்கும் வெள்ளை மாத்திரை.
உடம்பு தன் பங்கை எடுத்துக்கொண்டு
மிச்சத்தை அனுப்பிவிடுகிறது.
பக்கத்து வீட்டு மேடம் கோவின் ரத்த அழுத்தம்,
கீழ் மாடியில் தூங்காத பையனின் தூக்கம்,
பெயர் தெரியாத ஒருத்தியின்
இந்த மாதம் வேண்டாம் என்ற முடிவு,
எல்லாம் ஒரே குழாயில் இறங்கி
ஒரே இருட்டில் கலந்து
என் பாத்திக்கு வந்திருக்கிறது.

சர்க்கரைக்கு மாத்திரை.
மாத்திரையின் மிச்சத்தில் ஒரு செடி.
அந்தச் செடியும் சர்க்கரைக்கு.
இதில் யார் யாருக்கு வைத்தியம்?

ஈயத்துக்கு ஒரு கட்டம் உண்டு என் படிவத்தில்.
துத்தநாகத்துக்கு உண்டு.
அந்தப் பையனின் தூக்கத்துக்கு
நான் எங்கே எண் எழுத?

முடிவு செவ்வாய்க்கிழமை வந்தது.
இலையில் எல்லாம் எல்லைக்குள்.
வேர்தான் கொஞ்சம் பிடித்துவைத்திருந்தது,
அத்தையிடம் கொடுத்த சாவி மாதிரி, பத்திரமாக.
கூடவே ஒரு வரி:
சோதனைப் பயிர். உட்கொள்ளலாகாது. எரித்துவிடவும்.

அறுத்தோம்.
மைமூனா வாய் திறக்கவில்லை. நான் மூட்டை கட்டினேன்.
கையுறை கழற்றிய விரல்
தானாக நாக்குக்குப் போனது.

சொல்ல மாட்டேன் அந்தக் கசப்பை.
மண்டைக்குள் ஒரு மணி அடித்து,
அடித்துக்கொண்டே இருந்தது.

அதே லாரி, அதே தார்ப்பாய்.
இந்தத் தடவை அடியில் பச்சை.
துவாஸில் உலை,
அதற்கப்பால் படகில் சாம்பல்,
செமாக்காவ் தீவில்
கடல் பார்த்தபடி படுத்துக்கொள்ளும்.

"கசக்குதா மேடம்?"
பார்த்திருக்கிறார்.
நான் பதில் சொல்லவில்லை.
தன் கோப்பியை நீட்டினார், பாதி இருந்தது.
ஒரு வாய் குடித்தேன்.
யாரோ சீனி போட்டிருந்த மாதிரி இருந்தது.

கையிருப்புப் பதிவேட்டில்
நிலவேம்பு என்ற கட்டத்துக்கு நேரே
பூஜ்ஜியம் போட வேண்டும்.
மைமூனா அதை உரக்கப் படித்தாள்,
அவள் பாஷையில்.