பெத்தன்

மகரகமவில் ஈயக் குடுவை திறந்து
ஒரேயொரு குளிசை கொடுத்தார்களாம்.
பெட்டியில் ஊர்ப்பெயர் இருந்ததாம்.
தாதியிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டாளாம் ஹிதாயா:
பெத்தன்.
ஒல்லாந்தில், கடலோரம், சின்ன ஊர்.
மணல்மேட்டுக்குப் பின்னால் ஓர் அணு உலை.

வானின் கடைசிச் சீற்றில் தனியே இருந்து
ஹபரண வரைக்கும் சொல்லிச் சிரித்தாள்.
"ஊருக்கு வைக்கிற பேரா இது?
நான் ஒண்டே ஒண்டுதானே பெத்தன்,
அதையும் தொடக்கூடாதாம்."

வீட்டில் அவளுக்குக் கடல்பக்கத்து அறை.
தனிப் பாய், தனிக் கோப்பை.
ஷம்லாவுக்கு இரண்டு வயது.
கதவின் கீழ் இடைவெளிக்குள் விரல்விட்டு
கூப்பிட்டுக் கூப்பிட்டு
அங்கேயே தூங்கிப்போவாள்.

நான் புல்மோட்டையில் மணல் அளக்கிறவன்.
பதினொரு வருடமாய்க் கறுப்பு மணலுக்குக் கருவி நீட்டுகிறேன்.
மொனசைட் மூட்டையருகே அது பொரியும்,
கொதியெண்ணெயில் கடுகு விழுந்தாற்போல.
நாலாம் நாள் இரவு, ஒருவருக்கும் சொல்லாமல்
அதைக் கொண்டுவந்து
ஜன்னல் கம்பிக்குள்ளால் நீட்டினேன்.

எந்த மூட்டைக்கும் அப்படிக் கத்தியதில்லை.

ஹிதாயா இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்தினாள்.
"நிப்பாட்டுங்க. புள்ள எழும்பும்."

எட்டு நாளில் பாதி என்பது கணக்கு.
அவள் உடம்பு கணக்கை முந்திக்கொண்டது.
ஒவ்வொரு இரவும் கொப்பியின் கடைசித் தாளில் குறித்தேன்:
மாதிரி, ஹி. தூரம், ஒரு கை.

திருகோணமலைக்குப் போகும்போதெல்லாம்
ஒல்லாந்தர் இருந்த கோட்டையைக் கடந்திருக்கிறேன்.
அந்தக் கல் பாதியாவதில்லை.
இப்போது அனுப்பியிருக்கிறார்களே, இது
வரும் வழியிலேயே தேய்ந்துகொண்டு வந்தது.
பெட்டியைப் பூட்டிய ஆள்
வேலை முடிந்து சைக்கிளில் போயிருப்பான்,
எதிர்காற்றில் குனிந்து.
அவன் சப்பாத்துக்குள்ளும் மணல்தான் இருந்திருக்கும்.
கழற்றி, வாசலில் தட்டியிருப்பான்.

இருபத்தோராம் நாள்
முற்றத்து மணலுக்குக் கருவியை நீட்டினேன்.
பிறகு அவளுக்கு.
இரண்டும் ஒரே பேச்சு.
பூச்சியம் காட்டாது எங்கள் ஊரில்,
ஒருநாளும் காட்டியதில்லை.

கதவை அகலத் திறந்து
ஹிதாயா தரையில் இருந்து கை நீட்டினாள்.
ஷம்லா என் சாரத்துக்குப் பின்னால் ஒளிந்தாள்,
எட்டிப் பார்த்தாள்,
மெல்லப் போய்
திறந்து கிடந்த கதவருகே குந்தி
அதன் கீழ் இடைவெளிக்குள் விரலை விட்டு
"உம்மா" என்றாள்.