ஒரு விரற்கடை

தேவகோட்டை ரஸ்தாவுக்கு இந்தப் பக்கம்
தகரக் கூரைக்குக் கீழே
குடிநீர் மீட்டர் பூட்டுகிறோம்.
பித்தளை உடல், உள்ளே சக்கரம்,
அதன்மேல் ரப்பர் வளையம், கண்ணாடி, நாலு திருகு.
ஷிப்டுக்கு அறுநூற்று நாற்பது.
எங்கள் தெருக் குழாயில் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர்.
மீட்டர் போவது வேறு ஊர்களுக்கு.

வைகாசியில் வந்து இறங்கியது கை.
கை மட்டும்தான்.
தோளில் தொடங்கி விரலில் முடிந்துவிடும்,
தலை என்று ஒன்று கிடையாது.
கேமரா வைத்தால் பார்க்குமாம்,
அது அடுத்த வருஷக் கணக்கில்.
ஆக, கண்ணில்லாத கை.
எதிரில் கண்ணாத்தாள்.
கண்ணுக்கு வேண்டி வருபவர்களுக்கு
நாட்டரசன்கோட்டையில் இருக்கிறாள் என் பேர்க்காரி;
இங்கே நான்தான்.

கூண்டு வேண்டாம் என்றாள்
இளையான்குடியிலிருந்து வரும் பொறியாளர் தௌலத்.
இடித்தால் நிற்கும். தொட்டாலே நிற்கும்.
நாங்கள் நம்பவில்லை என்று தெரிந்து
தன் நெற்றியைக் கொண்டுபோய் அதன் வழியில் வைத்தாள்.
ஜெபமாலை சிலுவை போட்டுக்கொண்டாள்.
நின்றது.

அதற்குச் சொல்லிக்கொடுக்க வாய் வேண்டாம்.
மணிக்கட்டைப் பிடித்து
தட்டிலிருந்து வளையத்தை எடுக்க வைத்து
பள்ளம் வரை நடத்திப் போனால் போதும்.
மருதாணிக்கு நீட்டிய கைபோல
கனமே இல்லாமல் கூட வந்தது.
மூன்று தடவை நடத்தினேன்.
நாலாவது தடவை தானே போய்
பள்ளத்துக்கு ஒரு விரற்கடை மேலே
நின்றது.
லேசாக இடப்பக்கம் சாய்ந்தது.
பிறகு வைத்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் அப்படித்தான் செய்கிறேன் என்று
எனக்கே அப்போதுதான் தெரியும்.

திரையைத் திருப்பிக் காட்டினாள் தௌலத்:
ஒன்று புள்ளி நான்கு விநாடி.
"வளையம் உக்கார நேரம் குடுக்கறீங்களாக்கா? அனுபவமா?"
மேலாளர் சேவுகன் தலையாட்டி
நோட்டில் ஏதோ எழுதினார்.
சும்மா வருகிற பட்டம்
யாருக்குத்தான் கசக்கும்?
இரண்டு நாள் விட்டுவைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் கரண்ட் போனது.
கை வளையத்தோடு அந்தரத்தில் உறைந்தது.
அதே உயரம், அதே சாய்வு.
சாப்பாட்டு டப்பாவைத் திறந்து
அதற்கு எதிரே உட்கார்ந்து
பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.
அது என் வலது தோள்.
கல்லல் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பிசகிய மூட்டு.
தூக்கும்போது உள்ளே ஒரு கொக்கி விழும்.
விடும்வரை மூச்சைப் பிடித்து நிற்பேன்.
விட்டதும் வைப்பேன்.
ஏழு வருஷம்.
வீட்டில் யாருக்கும் தெரியாது.
இதற்குத் தெரிந்துவிட்டது.
தெரிந்ததை
ஷிப்டுக்கு அறுநூற்று நாற்பது தடவை
நடுக்கூடத்தில் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறது.

"அதை எடுத்துரு தௌலத்."
"எதை?"
"அந்த நிக்கிறதை. அனுபவமெல்லாம் இல்ல, தோள்வலி."

அவள் சிரிக்கவில்லை.
திரையில் இருந்த வளைவை விரலால் நீவி நிமிர்த்தினாள்.
"சார் கேட்டா?"
"வளையம் இப்ப வேற கம்பெனின்னு சொல்லு."

இப்போது நேராகப் போகிறது.
வளையம் அது வைக்கும்.
கண்ணாடியில் கீறல், குமிழி, சிக்கிய தலைமுடி
நான் பார்ப்பேன்.
திருகு அதற்கு, முத்திரை எனக்கு.
ஷிப்டுக்குக் கால் மணி நேரம் மிச்சம் என்று கணக்கெடுத்து
அந்தக் கால் மணிக்கு இருபது மீட்டர் கூட்டிவிட்டார்கள்.
என் வலியை அதனிடமிருந்து எடுத்ததற்கு
எனக்கு விழுந்த கூலி இது.
சம்பளத்தில் கேட்போம் என்கிறாள் ஜெபமாலை.
கேட்கத்தான் வேண்டும்.

நேற்று முத்திரைக் குறட்டைத் தூக்கும்போது
கொக்கி விழுந்தது.
இடது கை என்னைக் கேட்காமலே போய்
அதன் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.
தொட்டால் நிற்கும்.
நின்றது.
மஞ்சள் விளக்கு எரிந்தது.
இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்,
கொக்கி விடும்வரை.

பதிவில் 'இடையூறு' என்று ஏறும்.
ஏறட்டும்.