கொசுறு

பதினோரு பருவங்கள், நூற்றுப் பத்தொன்பது கோல்கள்.
அச்சில் இருப்பது அவ்வளவுதான்.
நூற்றிருபதாவதை வாங்கியவன் நான்.

ஐம்பத்தேழு, ஜனவரி.
காஸ்தியா மேட்டுநிலத்தில் எங்கள் ஊர் மைதானம்.
மூடுபனி நடுக்கோட்டைத் தின்றுவிட்டு
பெனால்டிப் புள்ளிவரை வந்து படுத்திருந்தது.
எனக்கென்று மிஞ்சியவை இரண்டு கம்பங்கள்,
ஒரு குறுக்குச் சட்டம், என் மூச்சு.
எங்கோ யாரோ யாரையோ திட்டினான்.
கண்ணுக்குத் தெரியாத கூட்டம் இருமியது.

பிறகு புல் மிதிபடும் சத்தம்.
ஒற்றை ஆள். அவசரமில்லாத ஆள்.

முன்பே எச்சரித்திருந்தார்கள்:
ஒன்பதாம் எண், ஒந்தாரோவாத் துறைமுகத்துப் பையன்,
அப்பனும் அண்ணன்மாரும் நெத்திலிப் படகில்.
வாரமெல்லாம் கப்பல் பட்டறையில் சுத்தியலால் அறைவான்,
ஞாயிறன்று நெற்றியால்.
இடதுகால் அவனுக்கு வெறும் ஊன்றுகோல்.
நெற்றியைப் பார்த்துக்கொள்.

நெற்றியைத்தான் பார்த்தேன்.
ஈரப்பந்தின் தோல்வார் கிழித்த வடு
புருவத்துக்கு மேல் பூரான் போல ஊர்ந்தது.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஊன்றுகோல் எழுந்தது.

வலை குலுங்கி, முடிச்சுக்கு முடிச்சு தேங்கியிருந்த பனிநீர்
என் பிடரியில் கொட்டியது.
அவன் கையை உயர்த்தவில்லை, ஓடவில்லை.
கட்டிப்பிடிக்க வர ஒருவருமில்லை.
"பார்த்தாய்தானே?" என்றான்.
நான் பந்தை எடுக்கப் போனேன்.

அப்போது பனியிலிருந்து நடுவர் வந்தார்,
விசிலைச் சட்டைப்பையில் போட்டபடி:
"இங்கே என்ன செய்கிறீர்கள்?
ஆட்டத்தை நிறுத்தி மூன்று நிமிடமாயிற்று."

மறு ஆட்டம் ஒரு புதன்கிழமை, நல்ல வெயில்.
நான்கு முறை தலையால் முட்டினான்.
நான்கையும் பிடித்தேன்.
மறுநாள் செய்தித்தாள் என்னைச் சுவர் என்றது.
நான் மறுக்கவில்லை.

அதே செய்தித்தாளில் அவன் பெயர் வலெந்தீன்.
தாய் வைத்த பலெந்தினைப் பதிவேட்டில் எழுத
அந்த நாட்களில் குமாஸ்தாவிடம் மை கிடையாது.
அவர்கள் ஊரில் ஆடப் போனபோது கேட்டேன்:
தூறல் விழுந்ததும் குடைகள் விரியும்,
குடைக்குள்ளிருந்து மற்றப் பெயர் வரும்,
எந்தக் குடை என்று காவலர்கள்
திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.
அங்கே தூறல் ஓயாது.

மத்ரித்திலிருந்து ஒரு பெரிய மனிதர் கார் அனுப்பினாராம்.
நெத்திலிப் பருவம், வீட்டில் ஆள் போதாது என்று
ஒரு கூடை மீனோடு காரைத் திருப்பிவிட்டானாம்.
மீன் வாடை போகவே இல்லை என்பார்கள்.

அறுபத்திரண்டில், ஒவியேதோ சேற்றில்
முழங்கால் போயிற்று.
வழியனுப்பும் ஆட்டமில்லை, தங்கக் கடிகாரமில்லை.
இனி ஆடமாட்டார் என்று ஒரு வரி,
கூட்டுத்தொகைக்குக் கீழே ஒரு கோடு.

எழுபத்தொன்பதில் டயர் ஏற்றிய லாரியோடு
அந்தத் துறைமுகத்தில் இறங்கினேன்.
இரும்புக் கடை. கயிறு, தார், தாமிர ஆணி.
பலகையில் பச்சை வர்ணம் காயாத பெயர்,
தாய் வைத்தபடி.
உள்ளே போனேன். எதையாவது கேட்டாக வேண்டுமே,
அரைக் கிலோ ஆணி கேட்டேன்.

நிறுத்தான். தராசு முள் நின்றது.
காசு நீட்டிய என் விரல்களைப் பார்த்தான்.
மூன்று, மூன்று திசையில் கோணியவை,
கோல்கீப்பரின் விரல்கள்.
வெகுநேரம் பார்த்தான்.

"இடதுகால்" என்றேன் நான்,
இருபத்திரண்டு வருடம் தாமதமாக.

அவன் பதில் சொல்லவில்லை.
வடு மட்டும் கொஞ்சம் நெளிந்தது.
பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி ஆணி அள்ளி
நிறுத்ததன் மேல் போட்டுப் பொட்டலம் கட்டினான்.
அரைக் கிலோவுக்குத்தான் காசு வாங்கினான்.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்த தோமாசா கேட்டாள்:
டயர் விற்பவனுக்கு ஆணி எதற்கு,
அதுவும் இவ்வளவு.