இரண்டு பல் குறைந்த சக்கரம்

சூடேறினால் செத்துவிடும்.
ஆறினால் எழுந்துகொள்ளும், ஒன்றுமே நடக்காதது போல.
மூன்று வாரமாக இதே கூத்து.
வைக்காயா மேட்டில் ஒருமுறை,
பால் லாரிக்கு முன்னால் ஒருமுறை.
நேற்று, எட்டுப் பேரும் அரைத்தூக்கத்தில் இருக்க,
உறைபனி வெளுத்த வளைவில்.
இறங்கித் தள்ளினோம்.
அங்கே கொட்டகையில்
அறுநூறு செம்மறிகள் வெறும் வயிற்றோடு
எங்கள் கத்திக்குக் காத்து நின்றன.
பண்ணைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் தேவலை.

கோர் ஊர் கராஜில் சொன்ன கூலிக்கு
இந்த ஹையேஸையே வாங்கலாம்,
பின்கதவு கயிறு உட்பட.
அதனால் ஞாயிற்றுக்கிழமை,
வீட்டு வாசல் சிமென்ட்டில்
கம்பளி அடைக்கும் சாக்கை விரித்து
மல்லாந்து உள்ளே போனேன்.

புதுசு தபாலில் வந்திருந்தது:
கட்டைவிரல் நீளம், கறுப்பு பிளாஸ்டிக்,
ஒரு காது, ஒரு ரப்பர் வளையம்.
இந்தப் பொடியனா எட்டுப் பேரை
நடுரோட்டில் இறக்கிவிட்டது?

தம்பி ரீஹரி இருந்தவரை
வண்டிக்கு அடியில் அவன் கால்கள்தான் தெரியும்.
இப்போது பெர்த்தில் கத்தி பிடிக்கிறான்.
ஆட்டுக்கு அங்கே கூலி கூட.
கேட்டதற்கு ஒரு வரி அனுப்பினான்:
'ஒரே போல்ட் அக்கா, பத்து எம்எம், அஞ்சு நிமிஷம்.'
வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை.
வாடா என்று நானும் எழுதவில்லை.

முதல் அஞ்சு நிமிஷம்
கை நுழையும் வழி தேடுவதிலேயே போயிற்று.
முர்டோ டார்ச் பிடித்தான்.
பொதி அமுக்கும் கை, மலையையே நசுக்கும்,
ஒரு வெளிச்சத்தை ஓரிடத்தில் நிறுத்தாது.
'இங்கே.'
'அங்கேதானே காட்டுறேன்.'
'அது என் மூக்கு.'

இது என்னதான் செய்யும், ஹினேவை, என்றான்.
சொன்னேன்:
உள்ளே ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது.
முப்பத்தாறு பல்லுக்கு இடம், இருப்பது முப்பத்து நாலு.
ரெண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்.
கடந்து போகும் பல்லை எல்லாம் இது எண்ணும்.
ஓட்டை வரும்போதுதான்
தண்டு எங்கே நிற்கிறதென்று இன்ஜினுக்குத் தெரியும்.
'எல்லாப் பல்லும் இருந்தா?'
'சுத்திக்கிட்டே இருக்கும். எங்கேன்னு தெரியாது.'

முர்டோ நாக்கால் தன் முன்பல் சந்தைத் தடவினான்.
ஒரு கடா உதைத்த இடம் அது.
'அதனாலதான் நான் வழி தவறுறதே இல்லை.'
சிரித்ததில் வெளிச்சம் சுவரேறிப் போயிற்று.
டார்ச்சை ஆட்டாதே, ஆட்டாதேடா.

பழையது வரவில்லை.
இருபது வருஷத்தில் ரப்பர் கல்லாகியிருந்தது.
குறடால் பற்றி இடம், வலம், இடம்,
ஒரு கெட்ட வார்த்தை, மறுபடி இடம்;
ப்ளக் என்று வந்தது.
பின்னாலேயே எண்ணெய்,
மணிக்கட்டில் தொடங்கி அக்குள் வரை.
துடைக்கப் போன அந்த நொடியில்
போல்ட் விழுந்தது.
கீழே விழும் சத்தம் கேட்கவில்லை.
அதுதான் பயம்.

இரும்புச் சட்டத்துக்குள் எங்கோ,
விரல் போகாத சேற்றில்.
இருபது நிமிஷம்.
முர்டோ கம்பி கொண்டுவந்தான்,
ஸ்பூன் கொண்டுவந்தான், பிறகு தேநீர்.
எரிச்சலில் கையில் இருந்ததையே விட்டுத் துழாவினேன்,
அந்தச் செத்த சென்சாரை.
டிக்.
முனையில் ஒட்டிக்கொண்டு வந்தது போல்ட்.

எண்ண மறந்தும்
காந்தம் மட்டும் மிச்சம் இருந்திருக்கிறது அதற்கு.
தன் இடத்தில் இன்னொன்றை முடுக்க
தானே எடுத்துக் கொடுத்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
குளிர், தோள் வலி,
முர்டோ வேறு பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓடவிட்டோம்.
ஓடுவது பெரிதல்ல, சூடேற வேண்டும்.
முள் ஏறுவதைப் பார்த்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தோம்.
கண்ணாடியில் எங்கள் மூச்சு.
பாதி வந்தது. நின்றது முள்; இன்ஜின் நிற்கவில்லை.
விசிறி சுழன்றது. அதற்கும் நிற்கவில்லை.
போன் ஒளிர்ந்தது: 'ஓடுதா?'
ஜன்னலை இறக்கி
அந்த இரைச்சலை அரை நிமிஷம் பதிந்து அனுப்பினேன்.
சொல் எதுவும் சேர்க்கவில்லை.

நாளை நாலரைக்குக் கிளம்பணும்.
இரண்டாம் வரிசை, இடது ஜன்னல்:
அந்த சீட்டில் இப்போது சீப்புப் பெட்டியும் எண்ணெய் டப்பாவும்.
எடுத்துப் பின்னால் போடலாம், இடமிருக்கிறது.
போடவில்லை.

முர்டோ இன்னும் டார்ச்சை அணைக்கவில்லை.