நான்காம் பக்கம்

நான் நன்றாகவே வாசிப்பேன்.
முற்றுப்புள்ளியில் நின்று, காற்புள்ளியில் மூச்செடுத்து,
வாத்து குடை வாங்கப் போன கதையை
ஆறே நிமிடத்தில் கரை சேர்த்துவிடுவேன்.
சால்மன் ஆலையில் ஒரு மீனுக்கு நான்கு நொடி;
கைக்குப் பழகியது நாக்குக்கும் வந்துவிட்டது.
மில்லராய் வாய் திறக்காமல் கேட்பாள்.
மூன்று வயது.
தண்ணி, வேணாம், அது
இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே
ஒரு நாளை ஓட்டிவிடுவாள்.

எனக்கு இரவு முறை வந்த வாரம்
புத்தகம் எவாரிஸ்தோவின் மடிக்குப் போனது.
பாலர் பள்ளித் துணிப்பையில் வந்தது,
வெள்ளிக்கிழமை திருப்ப வேண்டும்.
அவனோ மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவன்.
சிப்பிப் பண்ணைக் கயிறு அறுத்த விரலால்
எழுத்தைக் கூட்டிக் கூட்டி
முதல் வரியிலேயே தரைதட்டி நின்றான்.
பூட்ஸ் மாட்டியபடி கதவருகே நான்.
எடுத்துக் கொடுக்க வாயெடுத்தேன்.

அதற்குள் அவன் படத்தின்மேல் விரல் வைத்தான்.
"இது யாரு?"
சிலோயே தீவின் மழை தகரத்தில் பேசியது.
இவள் பேசவில்லை.
அவனுக்கும் அவசரமில்லை.
அடுப்பில் ஒரு விறகு வெடித்து அடங்கும்வரை
தூண்டில் போட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.
"வாத்து."
"வாத்தா? எப்படிப்பட்ட வாத்து?"
"நனைஞ்ச வாத்து."
"நனைஞ்சிட்டு எங்க போகுது?"
"குடை."
"நம்மகிட்ட இருக்கா, குடை?"
"காத்து பிச்சிடுச்சு!"

ஆமாம். போன செவ்வாய், படகுத்துறையில்,
என் குடையைத்தான் பிய்த்தது.
பார்த்திருக்கிறாள்.
சொல்லும் எடுத்து வைத்திருக்கிறாள்.
நான்தான் கேட்கவில்லை.

ஆலைப் பேருந்து ஹாரன் அடித்தது.
இரவெல்லாம் மீன்கள் வந்துகொண்டே இருந்தன,
நான்கு நொடி, நான்கு நொடி.
எனக்குக் கொஞ்சம் பொறாமை.
கொஞ்சமென்ன.

வெள்ளிக்கிழமை வந்து போனது.
இன்னும் ஒரு வாரம் தவணை வாங்கி வந்தானாம்.
பன்னிரண்டு பக்கப் புத்தகத்தில்
அவர்கள் நான்காம் பக்கத்தையே தாண்டவில்லை.
வாத்துக்கு ஒரு தங்கை பிறந்திருந்தாள்.
கடைக்காரத் தவளைக்குப் பல்வலி.
எந்த வரியிலும் இல்லாத படகொன்றைக்
கடனுக்கு வாங்கி, அதற்கு
நீலம் பூசுவதா வேண்டாமா என்று
சண்டை நடந்துகொண்டிருந்தது.

இன்று என் முறை.
தொண்டையைச் சரிசெய்துகொண்டு
"ஒரு ஊரில் ஒரு வாத்து" என்றேன்.
உருளைக்கிழங்கு ஒட்டிய கை ஒன்று
என் வாயைப் பொத்தியது.
"அம்மா, படிக்காத.
கேளு."