மதி

கம்பத்திலேயே செவ்வாய்தோறும் நடக்கிறதாம்.
ஆனால் அந்த மாடிக்கு நேர் எதிரே
என் மச்சினனின் டயர்க் கடை.
வேட்டி அவிழ நான் கிடந்ததைப்
பார்க்காத தெருவா அது?
இருந்தும் அந்தப் படியேறக் கால் கூசியது.
கடைக்குப் போகக் கூசியதே இல்லை;
கடையை விடத்தான்
ஒரு மாநிலம் தாண்ட வேண்டியிருந்தது.

குமுளி பஸ்.
லோயர் கேம்ப்பில் ராட்சதக் குழாய்கள்
மலைத் தண்ணீரைக் கீழே இறக்க
நான் மேலே போனேன்.
ஒன்பதாம் நாள்.
கொண்டை ஊசிக்கு ஒரு தடவை குடல் புரண்டது.
நடுங்கும் கையைச்
சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன்,
சில்லறை தேடுகிறவன் மாதிரி.

செக்போஸ்ட் தாண்டியதும் தூறல், ஏலக்காய் வாசம்.
பலகைகளில் எழுத்தெல்லாம்
இன்னும் வட்டமாகிவிட்டது.
ஒச்சம்மாள் எழுதித் தந்த சீட்டு:
மாதா பள்ளிக்கூடம், பின்பக்கம், ஏழு மணி.
அதைக் காட்ட வெட்கப்பட்டு
ஆட்டோக்காரரிடம் கேட்டேன்,
"குடிக்கிறவங்க கூடுற எடம்..."
மிச்ச வாக்கியம் வாயிலேயே நின்றுவிட்டது.

அவர் கைகாட்டிய பக்கம்
கம்பி வலைக்குள் ஒரு வரிசை.
முட்டல் இல்லை, சத்தம் இல்லை.
ரேஷன் கடையில்கூட நான் பார்க்காத ஒழுங்கு.
முன்னால் பதினாலு பேர். எண்ணினேன்.
பிறகு பதிமூன்று.
பிறகு பதினொன்று.
அப்போதுதான் தெரிந்தது
நானும் நகர்ந்துகொண்டிருக்கிறேன் என்று.

கால் நின்றது. இடைவெளி விழுந்தது.
பின்னாலிருந்தவர் கேட்டார்:
"எந்தா, வேண்டே?"
வேண்டாம் என்றேன்.
சபதமெல்லாம் இல்லை.
கேட்டார், சொன்னேன்.

டீக்கடைக்காரம்மாவிடம் பள்ளிக்கூடம் என்றதும்
நிமிர்ந்தே பார்க்காமல்,
"பின்வழி போ, லைட் எரியுது" என்றார்.
ஊருக்கே தெரிந்த ரகசியம் போல.

ஒன்றாம் வகுப்பு பெஞ்ச்.
முழங்கால் முகவாயில் இடித்தது.
கரும்பலகையில் ஒரு கழித்தல் கணக்கு,
கடன் வாங்கிய இடத்தோடு அழிந்திருந்தது.
தங்கச்சன், தோட்டத்தில் கணக்கெழுதுகிறவர்.
லிசி, நர்ஸ், பதினோரு மாதம்.
ஜீப் ஓட்டும் ஒரு பையன்,
பேர் மட்டும் சொல்லிவிட்டு அழுதான்.
என் முறை வந்தது.
"சுருளிவேல்."
"சுருளிவேல்" என்றார்கள் எல்லோரும்.
அடைமொழி இல்லாமல் என் பேர் காதில் விழுந்து
எத்தனை வருஷம்!
வேறு எதுவும் சொல்லவில்லை.
யாரும் கேட்கவும் இல்லை.

லிசி பேசியதில் பாதிதான் புரிந்தது.
"எனிக்கு மதியாயில்ல, எத்ரயாயாலும் மதியாயில்ல."
தனக்குப் புத்தியில்லை என்று
தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள் போல,
நானும் தலையாட்டினேன்.

பிறகு ஒருவர் கெட்டிலோடு வந்தார்.
கண்ணாடிக் குவளை முக்கால் நிறைந்ததும்
தங்கச்சன் மேலே கை வைத்து, "மதி" என்றார்.
ஊற்றுவது நின்றது.
அடுத்தவர், "மதி."
நின்றது.
அட, போதும் என்பதற்கா இந்தச் சொல்!
லிசி சொன்னது
அப்போதுதான் எனக்குள் இறங்கியது.
என் குவளைக்கு வந்தபோது
நுரை விளிம்பைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஊற்றும் எதைப் பார்த்தும் அதைச் சொல்லிப் பழகாத வாய்.
சிந்திவிட்டது.
பெஞ்சைத் துடைத்தேன்.

தங்கச்சன் பஸ் டிக்கெட்டின் பின்னால்
நம்பர் எழுதிக் கொடுத்தார்.
ராத்திரி எத்தனை மணிக்கும் என்றார்.
எண்கள் மட்டும்
மலைக்கு இந்தப்பக்கமும் அதேதான்.

கடைசி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வர பத்தரை.
ஒச்சம்மாள் கதவைப் பாதி திறந்து
வழக்கம்போல முகத்தருகே வந்து மோந்தாள்.
"ஏலக்காயா?"
"டீ."
பழக்க தோஷம், கேட்டாள்:
"எத்தனை?"
"ஒன்னு."
இருபது வருஷமாக நான் சொல்லும் அதே பதில்.
கொஞ்ச நேரம் என் சட்டைப்பையைப் பார்த்தாள்,
கை இன்னும் உள்ளேயே இருந்தது.
பிறகு மீதிக் கதவையும் திறந்துவிட்டு
தோசைக்கல்லைப் போடப் போனாள்.