(சிரிப்பு)

ஐந்து நிமிடத்துக்கு ஒருவர்.
மொந்தேவிதேயோ அவையில் எங்கள் மேசைக் கணக்கு அது.
மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும்,
வாக்கியம் பாதியில் நின்றாலும்.
மீதியை வால்தெமார் எழுதிக்கொள்வான்.

அதனால்
எல்சிரா பிதெகாய்னின் எந்தப் பேச்சையும்
நான் முழுதாக எழுதியதில்லை,
பதினோரு வருடங்களில்.

பேருந்தில் நடத்துநராக இருந்தவள்.
எண்களைச் சொன்னால்
நிறுத்தம் வந்துவிட்டது போலிருக்கும்:
நாற்பத்திரண்டு படுக்கை.
ஒரு செவிலி.
இறங்குகிறவர்கள் இறங்கலாம் என்கிற தொனி.
சுருக்கெழுத்துக்கு அவள் சுகம்.
கையை ஒடிப்பவர்கள் வக்கீல்கள்தான்.

என் பங்கில் விழுந்தவை:
சிறைச் சலவைக்கூடத்தில் கூலி என்ன, தொடக்கம் மட்டும்.
இரவுப் பேருந்து பற்றி நடுவிலிருந்து ஒரு துண்டு,
துறைமுகத்தில் மீன் அரிகிறவர்கள்
செதில் ஒட்டிய கையோடு
விடியும்வரை நிறுத்தத்தில் நிற்பது.
படுத்த படுக்கையான கணவனைப் பதினாறு வருடம்
புரட்டிப் போட்டவளுக்கு
ஓய்வூதியம் உண்டா என்ற கேள்வி.
பதில் வால்தெமாரின் முறையில் வந்திருக்க வேண்டும்.
வரவே இல்லை என்றான்,
மாத்தே உறிஞ்சியபடி.

பொய்ப்பல் மசோதா மட்டும்
என் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கியது.
ஆகஸ்ட் மாதம். ஆற்றுக்காற்று சன்னல் இடுக்கில் ஊளையிட்டது.
மேசைக்கடியில் சின்னக் கணப்பு ஒன்று
என் காலைச் சுட்டுக்கொண்டிருந்தது.

தகுவரெம்போவில் நிதியா என்றொருத்தி,
மருத்துவமனை விரிப்புகளைத் துவைக்கிறவள்.
துணிக்கடையில் ஆள் கேட்டார்கள் என்று தெரிந்தும் போகவில்லை.
"அங்கே சிரிக்கச் சொல்வார்களே" என்றாளாம்.

"பல்லைப் பிடுங்க அரசிடம் ஆள் இருக்கிறது,
இலவசமாக.
திருப்பிக் கொடுக்கத்தான் சட்டம் இல்லை."

பின்வரிசையில் ஒருவர்,
"அடுத்து தலைமுடி கேட்பீர்களா?"
அவை குலுங்கியது.

விதிப்படி எழுதினேன்:
(சிரிப்பு)

அவள் காத்திருந்தாள்,
கடைசி இருமல் அடங்கும்வரை.
பிறகு அவைத்தலைவரைப் பார்க்காமல்
எங்கள் மேசையைப் பார்த்துச் சொன்னாள்:
"சிரித்தவர்களின் பெயரையும் எழுதுங்கள்."

விதியில் அதற்கு இடமில்லை.
குறுக்கே பேசினால் பெயர் உண்டு.
சிரித்தால் கிடையாது.
அவைத்தலைவர் இதை விளக்கினார்,
அதையும் எழுதினேன்.
மணி அடித்தது.

இரண்டு வாக்கில் தோற்றது.

ஆறு வருடம் கழித்து
அதே பற்கள் வேறொரு கட்சியின் வாயில் முளைத்தன.
மசோதாவுக்கு இப்போது நீண்ட பெயர்.
மூன்று மணி நேரம் பேசினார்கள்.
எல்லோருக்கும் தொகுதியில் ஒரு பொக்கைவாய்த் தாய் கிடைத்திருந்தாள்.
தலைமுடி என்றவர்
குரல் தழுதழுக்கப் பேசினார்.
அவள் நேரம் கேட்கவில்லை.
பெயரைக் கூப்பிட்டபோது "ஆம்" என்றாள்.
சுருக்கெழுத்தில் அது ஒரு சிறு கோடு,
என் முறையில் விழுந்தது.

அன்றிரவு பழைய ஏட்டைத் தேடி எடுத்தேன்,
எப்போதோ அழித்திருக்க வேண்டியது.
சிரிப்புக்கான குறிக்கு ஒரு வால் உண்டு,
இடப்பக்கம் சுழியும்.
அந்த ஒரு பக்கத்தில் மட்டும்
வால் நடுங்கிப்போய்
கீழ்வரியைத் தொட்டிருக்கிறது.

குளிர் என்று சொல்லிவிடலாம்.
கணப்பு என் காலடியில்தான் இருந்தது.

குறிக்குப் பக்கத்தில் எழுதினேன்:
மிர்த்தா ஃபகுந்தெஸ், சுருக்கெழுத்தாளர்.
அச்சிட்ட பிரதியில் இது வராது.

இன்று மேசையில் அந்த ஏடு திறந்து கிடந்ததை
வால்தெமார் பார்த்தான்.
வெகு நேரம் பார்த்தான்.
மணி அடித்தது.
எழுந்தேன்.
பென்சிலை வைத்துவிட்டுப் போ என்றான்.